கிருஷ்ணம்மாளுக்கு மட்டும் இறங்கும் பனி

ஏற்காடு ஏரிக்கரை ரோட்டில் நடக்கும் எந்தச் சங்கதியும் கிருஷ்ணம்மாளின் பஜ்ஜிக் கடையைத் தொடாமல் போட் ஹவுஸ் போய்ச் சேர்ந்ததில்லை. எந்த லாட்ஜிலிருந்து எந்த ஜோடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனித்தனி பஸ்ஸில் இறங்கிப் போனது, நாகலூர் எஸ்டேட் ரைட்டரின் பெண்டாட்டி ஏன் இன்னும் அம்மா வீட்டிலிருந்து திரும்பவில்லை, வெள்ளக்கடைக் கிராமத்தில் புது ஸ்கூட்டர் வாங்கியவனுக்கு அதற்கு வக்கு எங்கிருந்து வந்தது, எல்லாம் அவள் வாணலியில் விழுந்து புரண்டு பொன்னிறமான பிறகுதான் ஊருக்குப் பரிமாறப்படும். துருவித் துருவிக் கேட்கிற ஈன வேலையெல்லாம் அவளுக்கு ஆகாது. பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏனுங்க, மொகம் வாட்டமா இருக்குதே" என்பாள். அவ்வளவுதான். மிச்சத்தை எதிராளியே சட்னியோடு சேர்த்து ஊற்றிவிடுவார்.

மனிதர்கள் சங்கதி மட்டுமல்ல, வானத்துச் சங்கதியும் அவளுக்குத்தான் முதலில் வரும்.

ஏற்காட்டுப் பனிக்குச் சொல்லிவிட்டு வரும் பழக்கம் கிடையாது. முதலில் ஏரியின் அக்கரையை விழுங்கும். பிறகு படகுகளை, பிறகு வேலியோரத்துச் சில்வர் ஓக் மரங்களை. கடைசியில் ரோட்டில் நடக்கிறவர்களின் கால்களை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, மேலே உள்ளதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி எடுத்துவிடும். அந்த நேரத்தில் கீழேயிருந்து வருகிற கார்க்காரர்களுக்குக் கடை எது, ரோடு எது என்று தெரியாது. அதனால் ஏரிக்கரைக் கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம்: பனியை முதலில் பார்க்கிறவர் குரல் கொடுக்க வேண்டும்; குரல் கேட்டதும் வரிசை முழுக்கத் தார்ப்பாயை இறக்கி, பல்பைப் போட்டுவிட வேண்டும்.

அந்தக் குரல் பெரும்பாலும் கிருஷ்ணம்மாளுடையது. மற்றவர்கள் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "பனி எறங்கிருச்சு! பல்பப் போடுங்க!" என்று அவள் கத்திவிடுவாள். சில நாள் அவள் சொன்ன பனி வரும். சில நாள் வராது. வராத நாளில், "மேக்கால திரும்பிப் போயிருச்சு" என்று அதற்கும் அவளே காரணம் சொல்வாள். பனியோடு அவளுக்கு அப்படியொரு பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. அவள் பார்க்கும் பனி வெறும் வெள்ளையாக இருக்காது. முதலில் நடுவில் ஒரு கடுகளவு காணாமல் போகும். பார்க்கிற முகத்தில் மூக்கு இருக்காது, அல்லது எண்ணெயில் மிதக்கிற பஜ்ஜியில் ஒன்று இருக்காது. அந்த ஓட்டை மெல்ல மெல்ல அகலும். அகலும்போது அதன் ஓரம் மினுங்கும். கோபுரக் கரை வைத்த பட்டுச்சேலையைக் கண்ணுக்குள் யாரோ அவசரமில்லாமல் விரித்துக்கொண்டே போகிற மாதிரி, மேடும் பள்ளமுமாக ஒரு வெளிச்சக் கரை ஓடும். அவள் வயசுக்கு வந்த நாளிலிருந்தே பனி அவளுக்கு இப்படித்தான் வரும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். ஊரில் எல்லாருடைய குடும்ப ரகசியத்தையும் கேட்டறிந்தவளுக்கு, "உங்க பனிக்குக் கரை உண்டுங்களா?" என்று ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை.

பனி விலகியதும் தலை வலிக்கும். இடது புருவத்துக்கு மேலே ஆணி அடிக்கிற மாதிரி ஆரம்பித்து, வாந்தி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்து, ஜன்னலைச் சாத்தி, தலையில் துணியை இறுக்கிக் கட்டிப் படுத்தால் மறுநாள்தான் எழுந்திருப்பாள். இதிலும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பனி தலையில் இறங்கினால் வலிக்கும். மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அதற்குத்தானே பிறந்ததும் குல்லா மாட்டுகிறார்கள்.

சந்தேகம் வந்தது போன மாசிக்குப் பிறகுதான். வெயில் கொளுத்துகிற நாட்களிலும் பனி இறங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் நெற்றியில் கைவைத்து வெயிலை மறைக்கிற நேரத்தில் அவளுக்கு மட்டும் ஏரியில் பாதி இல்லை. அவளுடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் போய்விட்டது. அந்த மனிதர் கதவு நிலையைத் தடவிக்கொண்டு நடந்தது அவள் கண்முன் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஊர்ச் சங்கதியெல்லாம் கொதித்து வழிகிற வாயில் இந்த ஒன்றை மட்டும் மூடி போட்டு வைத்தாள்.

காரணம் அவள் மகன் அருண்குமார். சேலத்தில் செல்போன் ஷோரூமில் வேலை. "தனியா எதுக்கும்மா அங்க? கீழ வந்துரு" என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்லுவான். அவள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு சாத்திய கதவு. அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அருண்குமாருக்கே தெரியாது! பால்கனியில் நின்றால் இன்னொரு பால்கனியில் காயும் சட்டைகள். சட்டைக்காரன் யார், எங்கே வேலை, சட்டைப் பொத்தான் ஏன் தைக்கப்படவில்லை என்று கேட்க ஆளில்லை. சாப்பிட்ட கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். கண் போகிறது என்று அவனுக்குத் தெரிந்தால் அந்த மாடிதான் கதி.

அது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையில் டூரிஸ்ட் கூட்டம் அலைமோதியது. முந்தின நாள் முழுக்க அவளுக்குக் கொட்டாவியாக வந்திருந்தது. அன்று மதியம் வாணலியில் மிளகாய் நுரைத்துக்கொண்டிருந்தபோது, கடுகளவு ஓட்டை விழுந்தது. அகன்றது. பட்டுக்கரை ஓட ஆரம்பித்தது.

கத்தக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய்ப் பழக்கம் விடுமா?

"பனி எறங்கிருச்சு! பல்பப் போடுங்க!"

வரிசையில் சில பல்புகள் எரிந்தன. உச்சி வெயிலில். ஒரு டூரிஸ்ட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். பக்கத்துத் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்த பொன்னுவேல் வானத்தைப் பார்த்தான், கிருஷ்ணம்மாளைப் பார்த்தான், பிறகு எதற்கு வம்பென்று தன் பல்பையும் போட்டான்.

வாணலியில் வலது பாதி இல்லை. இல்லாத பாதியில் மிளகாயைப் போடக் கை நீட்டினாள். அங்கே கொதிக்கிற இரும்பு இருந்தது.

"அக்கா!" பொன்னுவேல் தாவி வந்து கேஸை அணைத்தான். "கைய எங்கீங்க வெக்கறீங்க? பாத்துப் போடக் கூடாதுங்களா?"

"பனியில தெரியலப்பா."

"பனியா? வெயிலு மண்டயப் பொளக்குதுங்க!"

பொன்னுவேலுக்கும் இந்த ரோட்டில் காது உண்டு, வாயும் உண்டு. கிருஷ்ணம்மாளுக்கு அடுத்த இடம் அவனுக்குத்தான். ஆனாலும் அப்போது ஒன்றும் கேட்காமல், கடையைத் தங்கச்சி மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான்.

போகிற வழியெல்லாம் ஏற்காடு பாதி பாதியாக வந்தது. பாதி சர்ச். கோபுரம் மட்டும் வானத்திலிருந்து தொங்கியது. தலையில்லாத ஒரு கான்ஸ்டபிள் கையை ஆட்டினார். ஒரு நாயின் வால் மட்டும் நடந்து போனது. பட்டுக்கரை எல்லாவற்றின் மேலும் வழிந்து ஓடியது. பயமாக இருந்தாலும், அழகாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. கை எரிந்தது. பொன்னுவேல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

நாகலூர் ரோட்டில் டாக்டர் ஐஸ்வர்யாவின் க்ளினிக். போன வருடம்தான் சேலத்திலிருந்து வந்த சின்ன வயசு டாக்டர். அந்த க்ளினிக்கின் பின்பக்கத்தில் ஒரு ரூம் உண்டு, பகலிலும் கறுப்புத் திரை போட்டு இருட்டாகவே இருக்கும் என்று கிருஷ்ணம்மாளுக்கு ஏற்கெனவே தகவல். டாக்டரம்மா மத்தியானம் தூங்குகிறார் என்று ஒரு கட்சி. கரண்ட் பில்லுக்குக் கஞ்சத்தனம் என்று இன்னொரு கட்சி. கிருஷ்ணம்மாள் இரண்டையும் நம்பவில்லை. ஒரு பட்டதாரிப் பொண்ணு இந்த மலைக்கு வந்து ஒரு ரூமை இருட்டடித்து வைக்கிறதென்றால் அதில் வேறு கதை இருக்க வேண்டும். கை வெந்து, கண் பாதி போய், வண்டியிலிருந்து இறங்கும்போதும் அவள் மனதின் ஒரு மூலை எழுந்து நின்று, 'அந்த ரூமைப் பாத்துரலாம்' என்றது.

டாக்டர் குழாய்த் தண்ணீரில் அவள் கையை வெகுநேரம் காட்டினார். கிருஷ்ணம்மாள் டியூப் லைட்டிலிருந்து முகத்தைத் திருப்பித் திருப்பிக் கொண்டாள். இரண்டாம் தடவை திருப்பியதும் டாக்டர் எட்டி லைட்டை அணைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிருஷ்ணம்மாளுக்கு அது புதிது. வலிக்கிறது என்று ஒருவரிடம் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துபோவது அவள் தொழில். அதை வேறொருவர் அவளிடம் செய்ததில்லை.

"அம்மா, எப்படிங்க சுட்டுக்கிட்டீங்க?" டாக்டரின் குரல் மெல்ல வந்தது.

"பனியிலங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலையும் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். கிருஷ்ணம்மாளுக்கு அவரில் இடது பாதி மட்டுமே வந்திருந்தது: ஒரு கண், ஒரு தோடு, பாதிப் பொட்டு.

"இப்பவும் பனி இருக்குதுங்களா?"

"உங்க மேலயே இருக்குதுங்க."

"சரிங்க. இப்பக் கண்ணு ரெண்டையும் மூடுங்க. பனி போயிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

மூடினாள். க்ளினிக் போயிற்று, டாக்டர் போனார், ஜன்னல் போயிற்று. பனி போகவில்லை. கும்மிருட்டில் பட்டுக்கரை இன்னும் பளிச்சென்று, தன் பாட்டுக்கு மெல்ல வளைந்து விரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் பனிக்கு நடுவே அவள் ஒருநாளும் கண்ணை மூடிப் பார்த்ததில்லை. பனியில் கண்ணை அகல விரித்துத்தானே பார்ப்பார்கள்?

"உள்ள இருக்குதுங்க," என்றாள். பிறகு வாய்க்குப் போட்டு வைத்திருந்த அந்த மூடி தானாகத் திறந்துகொண்டது. "டாக்டரம்மா, எனக்குக் கண்ணு போயிருமுங்களா? எங்கப்பனுக்குப் போச்சுங்க. எம் மவனுக்கு மட்டும் சொல்லீராதீங்க. கீழ கூட்டிட்டுப் போயிருவான்."

"மொதல்ல எனக்கு முழுசாச் சொல்லுங்கம்மா. நான் எங்கியும் போகல."

கிருஷ்ணம்மாள் சொன்னாள். இருட்டு ரூமின் கதையைக் கறக்க வந்தவள், தன் கதையைச் சொட்டு மிச்சமில்லாமல் கறந்து கொடுத்தாள். வயசுக்கு வந்த நாளிலிருந்து வருகிற பனி, வாந்தி, தலைத்துணி, பெட்டிக் கடையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிற மாத்திரை. இப்போதெல்லாம் வலி வருவதற்கு முன்பே பயத்தில் ஒன்று போட்டுக்கொள்வதைக்கூடச் சொன்னாள். டாக்டர் நடுவில் குறுக்கிடவில்லை. வாட்ச்சைப் பார்க்கவில்லை. இப்படிக் கேட்கிற ஆள் ஏரிக்கரையில் கடை போட்டால் நம் கதி என்ன என்று கிருஷ்ணம்மாளுக்கு லேசாகக் கலக்கமாயிற்று.

பிறகு டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைக் காட்டித் தொடரச் சொன்னார். கைகளைத் தூக்க, சிரிக்க, நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிரஷர் பார்த்தார். அதற்குள் பட்டுக்கரை ஓரத்துக்குப் போய் உதிர்ந்து, டாக்டருக்கு வலது பாதியும் வந்து சேர்ந்தது.

"இது மைக்ரேனுங்க அம்மா. ஒத்தத் தலைவலி. நீங்க பாக்கறது கண்ணுல இல்ல. மூளையில ஒரு அலை மெதுவா நகருது. அது நகர்றப்ப இப்படித் தெரியும், போனதும் வெலகிரும். கண்ணு டாக்டர்கிட்டயும் ஒருக்காக் காட்டிருவோம், உங்க மனசுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா இதனால கண்ணு போகாது."

"அப்ப பனி தலையில எறங்கறதாலதானே வலிங்க?"

"பனின்னு நீங்க நெனச்சதே வலியோட ஆரம்பமுங்க. இப்ப வரப்போகுது பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, புருவத்துக்கு மேலே ஆணி இறங்கியது.

கடைசியில் அந்த இருட்டு ரூமை அவள் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட அதற்குள் கிடந்தாள். ஒரு கட்டில். ஒரு திரை. நெற்றிக்குக் குளிர்ந்த துணி. வாந்திக்கு ஓர் ஊசி, வலிக்கு ஒரு மாத்திரை. நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து போனாள். டெட்டால் வாடைகூட இல்லை. பூ வைத்துக்கொண்டு யாரும் இந்த ரூமுக்குள் வரக்கூடாதாம். வாசம் தலைவலியை இன்னும் கிளறுமாம். அந்த ரூமின் ரகசியம், அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான். "இன்னுமா வலிக்குது?" என்று கேட்க ஆளில்லை. தைலம் தேய்க்க, சுக்கு அரைத்துப் போட, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைக்க, சுற்றி நின்று பேச யாருமில்லை.

வலி ஏரி மாதிரி தளும்பியது. அவள் அதன்மேல் ஒரு படகில் கிடந்தாள். துடுப்பு போடுகிறவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவள் வாழ்க்கையில் ஓர் ஆளின் பெயர், ஊர், குடும்பம் எதையும் கேட்காமல் விட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். எங்கோ காப்பிச் செடிகள் பூத்திருந்தன, வாசம் மட்டும் இல்லை. கரையில் அப்பா நின்றார். அவர் கண்கள் திறந்திருந்தன. அலை மெல்லத் தணிந்தது. படகு தன் பாட்டுக்கு ஓரிடத்தில் நின்றது.

கண் விழித்தபோது திரைக்குப் பின்னால் சாயங்காலம். வலி போகவில்லை, ஆனால் உட்கார்ந்து பேசுகிற தூரத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அருண்குமார் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொன்னுவேல் போன் போட்டிருக்கிறான். அவன் போடாமல் இருந்தால்தான் அதிசயம்.

"போதும்மா," என்றான் அருண்குமார். "துணிமணி எடு. கீழ போலாம்."

"சத்தம் போடாத சாமி, தல வலிக்குது."

அவன் உடனே குரலைத் தாழ்த்தினான். நல்ல பையன்தான். அதுதான் தொந்தரவே. "எண்ணச் சட்டி முன்னாடி நிக்கறப்பக் கண்ணு தெரியலன்னா என்னம்மா ஆகும்? டாக்டர், நீங்களே சொல்லுங்க."

"நீங்க பயப்படறது நியாயந்தானுங்க," என்றார் டாக்டர். "ஆனா கீழ வந்தா இது வராதுன்னு என்னால சொல்ல முடியாது. பசியோட இருக்கறது, தூக்கம் கெடறது, மனசு வாடறது, எல்லாமே இதக் கெளப்பிவிடும். தெனமும் போட ஒரு மாத்திரை தர்றேன், வர்றது கொறையும். வந்தா ஆரம்பத்துலயே போட இன்னொண்ணு. பெட்டிக் கட மாத்திரைய விட்டரணும், அது அளவுக்கு மீறுனா அதுவே வலியக் கூட்டும். இதெல்லாம் எங்க இருந்தாலும் செய்யலாம். அதனால எங்க இருக்கணும்கறத அம்மாகிட்டக் கேளுங்க."

அருண்குமார் அம்மாவைப் பார்த்தான். அவன் இதுவரை சொல்லியிருக்கிறான், கேட்டதில்லை.

"எனக்கு இங்கதான் கண்ணு," என்றாள் கிருஷ்ணம்மாள். "அந்த மாடியில எனக்கு மூச்சே வராது."

"அப்ப அடுப்பு?"

அதற்கு டாக்டர்தான் பதில் சொன்னார். "அந்தக் கரை தெரிய ஆரம்பிச்சதும் அம்மா ரெண்டடி தள்ளி உக்காந்தரணும். பக்கத்துல இருக்கறவங்க அடுப்ப அமத்தணும். அதுக்கு, பக்கத்துல ஒருத்தருக்காவது விசயம் முழுசாத் தெரிஞ்சிருக்கணும். யார்கிட்டச் சொல்லுவீங்கம்மா?"

கிருஷ்ணம்மாள் கட்டில் விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்துக் கடை பொன்னுவேல். பொன்னுவேலிடம் சொல்வதும் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. ஊர்க் கதைகள் அவள் வாணலியில் வேகும். அவள் கதையை யாராவது வேக வைத்ததுண்டா?

"சொல்ல மாட்டா டாக்டர்," என்றான் மகன். "எனக்கே சொல்லல. அம்மா, நாளக்கழிச்சு வரைக்கும் இங்க இருக்கறேன். அதுக்குள்ள நீயா சொன்னீன்னா இரு. இல்லீன்னா என்கூட வா."

மறுநாள் முழுக்க அவள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடந்தாள். அருண்குமார் விசில் சத்தம் ஆகாதென்று குக்கர் வைக்காமல், சட்டியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். அடுத்த நாள் கடையைத் திறந்தாள். மகன் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் வாத்தியார் உட்காருகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டான்.

மாவைக் கரைத்தாள். சொல்லவில்லை. மிளகாயைக் கீறினாள். சொல்லவில்லை. பொன்னுவேல் தானாகவே தட்டோடு வந்து நின்றான்.

"கை எப்படிங்க இருக்குது அக்கா?"

"பரவால்ல. பொன்னுவேலு, ஒரு சங்கதி."

அவன் முகம் மலர்ந்து காது முன்னால் வந்தது. குரலைத் தணித்தான். "யாருங்க அக்கா?"

"நாந்தான்."

காது பின்வாங்கியது. கிருஷ்ணம்மாள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். ஓட்டை, கரை, அலை, ஆணி, எல்லாம். ஊரார் கதையை அவள் சொன்னால் ஏற்ற இறக்கம் இருக்கும், நடுவில் ஒரு பெருமூச்சு இருக்கும். தன் கதையை ரேஷன் கடைக்காரர் மாதிரி சொன்னாள்.

பொன்னுவேல் தட்டைக் கீழே வைத்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அப்ப... நீங்க குடிக்கறதில்லீங்களா?"

ஜல்லிக்கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்ன?"

"இல்லீங்க... வாந்தி எடுப்பீங்க. செவுத்தப் புடிச்சுட்டு நடப்பீங்க. ஊட்டச் சாத்தீட்டு மறுநா வரைக்கும் வெளிய வரமாட்டீங்க. வெயிலப் பாத்துப் பனீம்பீங்க. நாங்க வேற நெனச்சுட்டோமுங்க."

"நாங்கன்னா?"

"ரோடே அக்கா. அக்காவுக்கு மப்பு ஏறிருச்சு, எதுக்கு மனச நோகடிக்கறதுன்னுதான் நீங்க கத்துனா ஆளாளுக்கு ஒரு பல்பப் போட்டுருவோம்."

"எத்தன வருசமாடா?"

"நான் கட போட்டப்பவே அப்படித்தானுங்க."

கிருஷ்ணம்மாள் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். இளநீர்க்காரர், பொம்மைக் கடைக்காரி, போட்டோ எடுப்பவன். எல்லாரும் அவசரமாக வேறு எங்கோ பார்த்தார்கள். அவர்கள் தன்னைக் குடிகாரி என்று நினைத்தது அவளை அவ்வளவாகச் சுடவில்லை. இத்தனை பேர் வாயில் புரண்ட ஒரு பேச்சு அவள் காதுக்கு வராமலே இருந்திருக்கிறதே, அதுதான் சுட்டது.

"இந்த ரோட்டுல எனக்குத் தெரியாம ஒரு பேச்சா!"

பின்னால் ஸ்டூலில் அருண்குமாரின் தோள்கள் குலுங்கின. கையைக் கட்டியபடியே சிரித்தான். அவள் ஒரு மிளகாயை அவன்மேல் எறிந்தாள்.

பொன்னுவேல் அதற்குள் காரியத்துக்கு வந்துவிட்டான். "அது கெடக்கட்டுமுங்க. இனி நீங்க பனின்னு கத்துனா நாங்க என்னத்தச் செய்யறது? பல்பப் போடறதா, உங்க அடுப்ப அமத்தறதா?"

அவள் இதை யோசித்திருக்கவில்லை. மகன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைக் கவனித்தான். பனிக்குக் குரல் கொடுப்பது பதவியொன்றுமில்லை. சம்பளம் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. இருந்தாலும் இத்தனை காலமாக அது அவளுடையது.

"நான் கத்த மாட்டன்," என்றாள் கடைசியில். "எனக்கு வெள்ளையாத் தெரிஞ்சா உன்னைய மொதல்ல கேக்கறன். நீ ஆமான்னா பல்பு. இல்லீன்னா அடுப்பு."

"நானுங்களா?" பொன்னுவேல் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அதற்குள் பொம்மைக் கடைக்காரி போட்டோக்காரனிடம் குனிந்து ஏதோ சொல்ல, போட்டோக்காரன் இளநீர்க்காரரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தான். கிருஷ்ணம்மாளின் கதை ரோட்டில் கிளம்பிவிட்டது. சாயங்காலத்துக்குள் நாகலூர் பஸ்ஸில் ஏறிவிடும்.

மதியத்துக்கு மேல் ஒரு சின்ன மழை தூறி நின்றது. தூறலுக்குப் பிறகு ஏரியின் அக்கரை மங்கியது. கிருஷ்ணம்மாள் பார்த்தாள். மரங்களின் அடி கரைந்தது. ஒரு படகுக்கு முனை இல்லை. வரிசையில் இருந்தவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள், பழக்கம். குரல் அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்து, அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

"பொன்னுவேலு," என்றாள். "பனியா அது?"

அவன் சோளத்தை வைத்துவிட்டு, ரோட்டின் நடுவுக்குப் போய், இடுப்பில் கைவைத்து, ஏரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குள் படகுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. ஒரு குடும்பம் முழங்காலுக்குக் கீழே மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டு கடந்து போனது.

"ஆமாங்க அக்கா! நெசப் பனிதான்!"

பல்புகள் எரிந்தன, ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது என்று, வெள்ளைக்குள் மஞ்சள் மஞ்சளாக, வரிசையின் கடைசிவரை. கடைசி பல்பு எங்கே என்று தெரியாத தூரத்தில் லேசாக ஒரு மஞ்சள் மட்டும் மிதந்தது. கிருஷ்ணம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தப் பனிக்குக் கரை இல்லை. வெறும் வெள்ளை. மற்றவர்கள் இத்தனை வருடமும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். பாவம் என்று தோன்றியது.

அருண்குமார் ஸ்டூலிலிருந்து எழுந்து பேண்ட்டைத் தட்டினான். ஹெல்மெட்டை எடுத்தான்.

"பனி கெட்டியாகறதுக்குள்ள நான் எறங்கறம்மா."

'நான்' என்றுதான் சொன்னான். கிருஷ்ணம்மாளுக்குக் கேட்டது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாத்திரை?" என்றான்.

"தின்னுபோட்டுத்தான் படுப்பன்."

"சாப்பாடு? நேரத்துக்கு?"

"சாப்பிடறன் சாமி. வளைவுல ஹாரன் அடிச்சுட்டே போ."

அவன் பைக் வெள்ளைக்குள் நுழைந்து, பின்பக்கச் சிவப்பு விளக்கு கொஞ்ச தூரம் போய், மங்கி, அணைந்த மாதிரி மறைந்தது. ஹாரன் மட்டும் வளைவுக்கு வளைவு கேட்டது. கிருஷ்ணம்மாள் அது ஓயும்வரை காது கொடுத்தாள். பிறகு தார்ப்பாயை இழுத்துவிட்டு, அடுப்படிக்கு வந்து, ஒரு மிளகாயை மாவில் புரட்டினாள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் பொன்னுவேலின் இருமல் கேட்டது.

"பொன்னுவேலு, இங்க வா. பஜ்ஜி சூடா இருக்குது," என்றாள் தேன் ஒழுகும் குரலில். "நான் குடிக்கறேன்னு மொதமொதல்ல சொன்னது யாரு? மொகத்தப் பாத்தா உனக்குத் தெரியும் போல இருக்குதே."